ஒரே நீதிபதி, அவரும் பாதியில் மாறிவிட்டார். ஜூரி கேட்க முடியாதா?

கடைமடைக்காரன் (கேள்வி)

வணக்கம். மேலூர் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன், சட்டம் தெரியாது, தப்பாகக் கேட்டால் திட்டாதீர்கள்.

என் சித்தப்பா மகன் மேல் 2021இல் ஒரு வழக்கு. பெரியாறு கால்வாயில் எங்களுடையது கடைமடை, ஒருபோகம்தான், அந்தத் தண்ணீரும் முறை வைத்துத்தான் வரும். முறை தவறி மடையைத் திறந்தது யார் என்று சாயங்காலம் ஆரம்பித்த வாய்த்தகராறு, இருட்டுவதற்குள் ஒருவர் தலையில் மம்பட்டி வெட்டாக முடிந்தது. அங்கே நின்றது ஆறு பேர். வெட்டியது தம்பி என்று 307 (கொலை முயற்சி) போட்டார்கள். அவன் இல்லை என்கிறான். நான் அங்கே இல்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அவன் பொய் சொல்லும்போது எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியும்.

மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. முக்கிய சாட்சி களத்து மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னார். எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கும்போதே நீதிபதி அம்மா தலையிட்டு, "களத்திலிருந்து மடை தெரியுமா?" என்று கேட்டார். சாட்சி பதில் சொல்லாமல் பின்னால் நின்ற ஏட்டையாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் உயிர் வந்தது. அப்புறம் அவர் "தெரியும்" என்று சொல்லி, அதை எழுதிக்கொண்டார்கள்.

மே மாத லீவோடு அந்தம்மாவுக்கு மாற்றல். இப்போது புது நீதிபதி. அவர் சாட்சியின் முகத்தையே பார்த்ததில்லை, ஆனால் தீர்ப்பு அவர்தான் எழுதுவாராம். நியூஜெர்சியில் இருக்கும் மாமா மகனிடம் சொன்னேன், "என்ன மச்சான், அங்கே ஒரே ஆள் முடிவு பண்றதா, இங்கே 12 பேர் உட்கார்ந்து கேட்பாங்க, கேட்டவங்கதான் முடிவு சொல்வாங்க" என்கிறான். நம் ஊரிலும் ஒரு காலத்தில் அப்படி ஜூரி இருந்ததாமே. மனு போட்டுக் கேட்க முடியாதா? முடியாதென்றால், ஒரு மனுஷனின் பத்து வருடத்தை இன்னொரு மனுஷன் ஒற்றையாளாக முடிவு செய்வது எப்படிச் சரி?

ஒத்தக்கடை வக்கீல்

முடியாது தம்பி. 1973ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது, அதில் ஜூரிக்கு இடமே இல்லை. 2024 ஜூலை முதல் வந்த புதுச் சட்டத்திலும் இல்லை. உங்கள் விசாரணை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தால் பழைய சட்டப்படியே தொடரும், அதனால் பழைய பிரிவு எண்களையே சொல்கிறேன்.

நீதிபதி மாறியதற்கு 326ஆம் பிரிவு. முன்னவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்துக்கொண்டு பின்னவர் தீர்ப்பு எழுதலாம். நியாயத்துக்குத் தேவை என்று அவருக்குத் தோன்றினால் பழைய சாட்சியை மறுபடி கூப்பிட்டும் விசாரிக்கலாம். சுருக்க விசாரணைகளுக்கு (சின்ன வழக்குகளை வேகமாக முடிப்பது) மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஏனென்றால் அதில் சாட்சியத்தின் சாரத்தை மட்டும்தான் எழுதுவார்கள், முழுதாக இருக்காது. இது தெரியாமல் செக் கேஸ்களில் நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள், அது வேறு கதை.

இப்போது முக்கியமானது. 280ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, சாட்சி கூண்டில் நிற்கும்போது நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி நீதிபதிக்கு முக்கியமாகப் பட்டதையும் பதிவு செய்ய வேண்டும் என்று. "சாட்சி பதில் சொல்லாமல் காவலரைப் பார்த்தார்" என்று ஒரு வரி அந்தம்மா எழுதியிருந்தால் அந்த ஒரு வரி உங்களுக்கு ஒரு ஏக்கர் நன்செய்க்குச் சமம். முதலில் அந்த வாக்குமூல நகலை வாங்கிப் படியுங்கள், ஜூரியை அப்புறம் பார்க்கலாம்.

சிம்மக்கல் சிவா

தனியாளாகத் தீர்ப்பு சொல்லி, எதிர்த்தரப்பை விசாரிக்காமல் ஆளைக் காலி பண்ணியதற்காக எரிந்த ஊர் இது. அதற்கப்புறமாவது ஒரு ஜூரி போட்டிருக்கலாம்.

தெப்பக்குளம் 77

சிவா, இந்தப் பேச்சு வந்தால் யாராவது கண்ணகியை இழுப்பார்கள் என்று தெரியும், இரண்டாவது பதிலிலேயே வந்துவிட்டது.

வக்கீல் சார் சட்டம் சொன்னார், சரி. ஆனால் அண்ணன் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை. எனக்கு ஜூரி பிடிக்கும், காரணம் சொல்கிறேன். களத்து மேட்டிலிருந்து மடை தெரியுமா என்பது சட்டக் கேள்வியா? ஐப்பசி மாதம் ஆறு மணிக்கு வரப்பில் நின்றால் எதிரில் வருகிறவன் மாமனா மச்சானா என்று எந்தத் தூரத்தில் தெரியும் என்பதை, ஆயுசுக்கும் தண்ணீர் பாய்ச்சிய 12 பேர் சொல்வார்களா, நகரத்தில் பிறந்து படித்துப் பரீட்சை எழுதி வந்த நீதிபதி சொல்வாரா? இன்னொன்று, நீதிபதி தினமும் அதே போலீஸ், அதே அரசு வக்கீல், அதே மாதிரி மகஜர் (போலீஸ் எழுதும் சம்பவ இடக் குறிப்பு), இவற்றையே பார்க்கிறார். ஆயிரமாவது குற்றவாளிக் கூண்டைப் பார்க்கிறவருக்கு முதல் கூண்டைப் பார்த்தபோது இருந்த பதற்றம் எங்கே இருக்கும்? ஜூரிக்கு ஒவ்வொரு வழக்கும் முதல் வழக்கு.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஜூரி இருக்கும் நாட்டில் அப்படி ஒரு காகிதம் வந்தால் ஜூரர்களை வெளியே அனுப்பிவிட்டு நீதிபதி மட்டும் பார்ப்பார், செல்லாது என்றால் ஜூரியின் காதுக்கே போகாது. இங்கே? "இதைப் படிக்கக் கூடாது" என்று முடிவு செய்கிறவரும் தீர்ப்பு எழுதுகிறவரும் ஒரே ஆள். படித்ததை மறந்துவிட வேண்டுமாம். என் மாமியார் சொன்ன ஒரு சொல்லை 19 வருடமாக மறக்க முயற்சி செய்கிறேன், முடியவில்லை.

பழைய சிரஸ்தார்

ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது, கண் சரியில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூரியைப் பற்றிப் பேசுகிற பிள்ளைகள் அது இங்கே எப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1908இல் திலகர் மீதான ராஜதுரோக வழக்கு பம்பாயில். ஜூரி 9 பேர். குற்றவாளி என்றவர்கள் 7 பேர், அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். இல்லை என்றவர்கள் 2 பேர், இரண்டு பேரும் பார்சிகள். மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட 1911 வழக்குக்கு ஜூரியே வைக்கவில்லை, சென்னை உயர் நீதிமன்றத்தில் 3 நீதிபதிகள் சிறப்பு அமர்வாக உட்கார்ந்தார்கள். அதாவது சர்க்காருக்குத் தோதாக இருந்தால் ஜூரி, இல்லாவிட்டால் இல்லை. மாவட்டங்களில் பல இடங்களில் அசெஸ்ஸர் என்று உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்து அபிப்பிராயம் கேட்பார்கள், நீதிபதி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கல்யாண வீட்டில் பெரியவர்களைக் கேட்கிற மாதிரிதான். 1955இல் அதை எடுத்துவிட்டார்கள்.

பாகவதர் வழக்கு எல்லாருக்கும் தெரியும். 1944 நவம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை, தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் உள்ளே. சென்னை உயர் நீதிமன்றத்தில் 9 பேர் ஜூரி, 6க்கு 3 என்று குற்றவாளி. என்ன காரணம்? ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை! எந்தச் சாட்சியை நம்பினார்கள், எதை நம்பவில்லை, இன்று வரை யாருக்கும் தெரியாது. அப்பீல் தள்ளுபடியாகி, அப்போதைய கடைசி அப்பீல் இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், திரும்ப இங்கேயே வந்து, 1947இல் வெளியே வந்தார்கள். அதற்குள் பாகவதரின் காலம் முடிந்துவிட்டது. மதுரையில் அவர் கச்சேரிக்கு மரத்தில் ஏறி உட்கார்ந்து கேட்டதாக என் தகப்பனார் சொல்வார், வெளியே வந்த பிறகு அந்தக் கூட்டம் இல்லை.

நானாவதி வழக்கால்தான் ஜூரி ஒழிந்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பாதி உண்மை. கடற்படை அதிகாரி, மனைவியின் காதலனைச் சுட்டார், 1959இல் பம்பாய் ஜூரி 8க்கு 1 என்று குற்றவாளி இல்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை, 1961இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் அந்தத் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே, 1958இல், சட்ட ஆணையம் தன் 14ஆவது அறிக்கையில் ஜூரியை எடுத்துவிடலாம் என்று சொல்லியாகிவிட்டது. நானாவதி சவப்பெட்டிக்கு ஆணி அடித்தார், அவ்வளவுதான். இப்போது அந்த வாசனை மிச்சமிருப்பது பார்சிகளின் விவாகரத்து வழக்கில் மட்டும், அவர்கள் சமூகத்துப் பிரதிநிதிகள் உட்காருவார்கள்.

பனங்கூடல்

நான் யாழ்ப்பாணம், இப்போது கொழும்பில். மதுரைக்காரர் பேச்சில் தலையிடுகிறேன் என்று குறை நினைக்க வேண்டாம், ஆனால் 77 எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் நாட்டில் ஜூரி இன்னும் இருக்கிறது. மேல் நீதிமன்றத்தில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) விரும்பினால் 7 பேர் ஜூரியைக் கேட்கலாம், இல்லாவிட்டால் நீதிபதி தனியாக விசாரிப்பார். கேட்கும் உரிமை எதிரிக்குத்தான், செத்தவரின் வீட்டுக்கு இல்லை.

குமாரபுரத்தில் 1996 பெப்ரவரியில் தமிழ்ச் சனத்தைச் சுட்டார்கள், சின்னப் பிள்ளைகளும் செத்தார்கள். வழக்கைத் திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றினார்கள், 2016 ஜூலையில் சிங்களம் பேசும் ஜூரி 6 இராணுவத்தினரையும் விடுவித்தது. அதே வருடம் டிசம்பரில் தமிழ் எம்.பி. ரவிராஜ் கொலை வழக்கு. அதிலும் எதிரிகள் சிங்கள ஜூரியைக் கேட்டு வாங்கினார்கள், நள்ளிரவு கடந்து எல்லாரும் விடுதலை. இதற்குப் பக்கத்தில் மிருசுவிலை வையுங்கள். 8 தமிழரைக் கொன்ற வழக்கு, ஜூரி இல்லாமல் நீதிபதிகள் ஆயமாக உட்கார்ந்து விசாரித்தது, 2015இல் ஒரு இராணுவத்தினனுக்கு மரண தண்டனை. 2020இல் ஜனாதிபதி மன்னித்து வெளியே விட்டார், அது அரசியல், ஆனால் தீர்ப்பு வந்தது. காரணங்களோடு வந்தது.

மடைத் தகராறு என்றால் ஊர் இரண்டுபட்டிருக்குமே ஐயா. அந்த 12 பேர் எந்தப் பக்கத்து ஆட்களாக இருப்பார்கள்?

கடைமடைக்காரன்

பனங்கூடல் ஐயா, நீங்கள் கேட்டது சுருக்கென்று இருந்தது. உண்மைதான். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இவன் யாருக்குப் பங்காளி, என்ன சொல்வான் என்று தெரியும். காயம்பட்டவரின் வகையறா எங்களைவிடப் பெரிது. ஜூரி வந்தால் தம்பி அன்றைக்கே உள்ளே.

ஆனாலும் அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தது என் மனதிலிருந்து போகமாட்டேன் என்கிறது.

ஒத்தக்கடை வக்கீல்

77 சொன்ன ஓட்டை உண்மை, மறுக்க மாட்டேன். படித்ததை மறக்க எந்த நீதிபதிக்கும் தெரியாது. அதற்கு நம் சட்டம் வைத்திருக்கும் மருந்து ஒன்றுதான்: காரணம் எழுது. 354ஆம் பிரிவுப்படி, தீர்மானிக்க வேண்டியது என்ன, முடிவு என்ன, ஏன் அந்த முடிவு, மூன்றும் தீர்ப்பில் இருக்க வேண்டும். செல்லாத ஒப்புதலை மனதில் வைத்துக்கொண்டு தண்டித்தாலும், காகிதத்தில் வேறு காரணம் காட்டியாக வேண்டும். காட்டிய காரணம் சொத்தையாக இருந்தால் அப்பீலில் உயர் நீதிமன்றத்தில் பல்லைப் பிடித்துப் பார்த்துவிடுவார்கள். வட அயர்லாந்தில் ஜூரர்களை மிரட்டுவார்கள் என்ற பயத்தில் 1973இல் தனி நீதிபதி விசாரணை கொண்டுவந்தபோதுகூட, தண்டித்தால் காரணம் எழுத வேண்டும், மேல்முறையீட்டுக்குத் தடை கூடாது என்ற இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள்.

உங்கள் மச்சானிடம் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவிலும் ஆறு மாதத்துக்கு மேல் தண்டனை வராத சின்னக் குற்றங்களுக்கு ஜூரி கேட்கும் உரிமையை அரசியல் சட்டம் பொதுவாகத் தருவதில்லை. பெரிய வழக்கிலும் குற்றம் சாட்டப்பட்டவரே ஜூரி வேண்டாம், நீதிபதி போதும் என்று எழுதிக் கொடுக்கலாம், மத்திய நீதிமன்றம் என்றால் அதற்கு அரசுத் தரப்பும் நீதிபதியும் சம்மதிக்க வேண்டும். யார் அப்படிக் கேட்பார்கள்? வழக்கு சட்ட நுணுக்கத்தில் நிற்கிறது என்றாலோ, கேட்டாலே ரத்தம் கொதிக்கிற சம்பவம் என்றாலோ கேட்பார்கள். அங்கே ஜூரி விடுதலை என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது, அரசு அப்பீல் போக முடியாது. இங்கே அப்படி இல்லை. நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 2007 மே 9, மதுரை தினகரன் பத்திரிகை அலுவலக எரிப்பு, 3 ஊழியர்கள் இறந்தார்கள். சாட்சிகள் பிறழ்ந்து (முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லி), 2009இல் செஷன்ஸ் கோர்ட் 17 பேரையும் விடுவித்தது. அந்த விடுதலைத் தீர்ப்பில் காரணம் எழுதப்பட்டிருந்தது, அதனால் அதை எடைபோட முடிந்தது, 2019இல் உயர் நீதிமன்றக் கிளை அதை மாற்றி 9 பேருக்கு ஆயுள் கொடுத்தது. இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி, கடைமடையாரே. உங்கள் தம்பி விடுதலையானாலும் காயம்பட்டவர் அப்பீல் போகலாம், தெரிந்துகொள்ளுங்கள்.

உள்ளூர்க்காரர்களை வைத்து முடிவு செய்வதைப் பற்றி ஒன்று. உங்கள் மேலூர் பக்கம்தானே மேலவளவு. 1997 ஜூனில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆட்களை வெட்டிய வழக்கைச் சேலத்துக்குக் கொண்டுபோய்த்தான் நடத்த முடிந்தது, 2001இல் 17 பேருக்கு ஆயுள். அந்த வழக்குக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஜூரி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் மடை. 77 கேட்டாரே, நகரத்தில் பிறந்த நீதிபதிக்கு வரப்பு தெரியுமா என்று. தெரியாவிட்டால் வந்து பார்க்கட்டும்! 310ஆம் பிரிவு. சாட்சியத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள, இரு தரப்புக்கும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீதிபதி சம்பவ இடத்தை நேரில் பார்க்கலாம், பார்த்ததைக் குறிப்பாக எழுதி வழக்குக் கட்டில் சேர்க்க வேண்டும், அந்தக் குறிப்பின் நகலை நீங்கள் காசில்லாமல் கேட்கலாம். யார் இதையெல்லாம் செய்கிறார்கள் என்று சிரிக்காதீர்கள். கோகுல்ராஜ் ஆணவக் கொலை வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு இங்கேதான் நடந்தது, கூட இருந்த தோழியே பிறழ்சாட்சி ஆனார், கோவில் சிசிடிவி பதிவு பெரிய ஆதாரமாக நின்றது, 2022இல் யுவராஜ் உட்பட 10 பேருக்கு ஆயுள். அப்பீலில் உயர் நீதிமன்றக் கிளை நீதிபதிகள் இரண்டு பேர் 2023 ஜனவரியில் திருச்செங்கோடு மலைக்கே போய், கேமரா எங்கே இருந்தது, எதிலிருந்து எது தெரியும் என்று பார்த்துவிட்டு வந்தார்கள். அப்புறம்தான் தீர்ப்பு. உங்கள் நீதிபதி மேலூர் வரைதான் வர வேண்டும்.

கூடவே 311இல் அந்தச் சாட்சியைத் திரும்பக் கூப்பிட மனு. ஆனால் "நீதிபதி மாறிவிட்டார், புதியவர் முகத்தைப் பார்க்கவில்லை" என்று மட்டும் எழுதினால் அன்றைக்கே தள்ளுபடி. களத்துக்கும் மடைக்கும் எத்தனை அடி, நடுவில் கருவேலமரம் இருக்கிறதா, பார்வை மகஜரில் விளக்குக் கம்பம் காட்டியிருக்கிறார்களா, இவற்றில் முன்பு கேட்காமல் விட்டது எது, அதை எழுத வேண்டும். உங்கள் வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள், அவர் முதுகுக்குப் பின்னால் நான் வைத்தியம் பார்த்ததாக இருக்கக் கூடாது.

தெப்பக்குளம் 77

310 எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகல் 11 மணிக்கு ஏசி காரில் வந்து பார்த்தால் எல்லாம்தான் தெரியும். ஆறு மணிக்கு, அதே ஐப்பசியில் வரச் சொல்லுங்கள். ஜூரி விஷயத்தில் என் கட்சி மாறவில்லை.

கடைமடைக்காரன்

வக்கீல் சார், நேற்று நகல் வாங்கிவிட்டோம். குமாஸ்தா மூன்று தடவை அலைந்தார். படித்தேன். ஏட்டையாவைப் பார்த்தது அதில் இல்லை. ஆனால் அந்தம்மா கேட்ட கேள்வியைக் கேள்வி பதிலாகவே எழுதச் சொல்லியிருக்கிறார். "கோர்ட் கேள்வி: களத்திலிருந்து மடை தெரியுமா? பதில்: (சிறிது நேரம் கழித்து) தெரியும்." அடைப்புக்குறிக்குள் அந்த மூன்று வார்த்தை இருக்கிறது.

எங்கள் வக்கீலிடம் காட்டினேன். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் டேப் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு வருகிறேன் என்றார். அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி. நடுவில் கருவேலமரம் இல்லை, வேம்பு ஒன்று இருக்கிறது, ஆனால் அது 2021இல் எவ்வளவு உயரம் என்று யாரைக் கேட்பது?

ஒரு சந்தேகம். தீர்ப்பு நகலுக்கும் இப்படி அலைய வேண்டுமா?

ஒத்தக்கடை வக்கீல்

தண்டனை என்றால் தீர்ப்பு நகலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். வேம்புக்குப் பழைய கல்யாண போட்டோ, மடையைச் சுத்தம் செய்தபோது எடுத்த படம், ஏதாவது ஊரில் ஒருவர் செல்போனில் இருக்கும், தேதியோடு கிடைக்கிறதா பாருங்கள்.